குளிரும் குழாயும்

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவன், போகும்முன் குழாய்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டுப் போவானா? நம் ஊரில் அப்படி ஒருவன் செய்தால் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். தெருக்குழாயில் குடத்தை வரிசை வைத்துத் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள் நாம். சொட்டும் குழாயைக் கண்டால் நம் கை தானாகவே நீண்டு அதை இறுக்கி மூடும். இந்த நல்ல பழக்கமே சென்ற ஆண்டு என்னைத் தலைகுனிய வைத்தது என்றால் நண்பர்கள் நம்புவார்களோ, மாட்டார்களோ! குளிர்கால விடுமுறை நெருங்குகிறது. நம்மில் பலர் பொங்கலுக்கு ஊர் செல்லப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆதலின் அந்தக் கதையையும், அதன் பின்னுள்ள அறிவியலையும் சொல்வது பயனுடையதாகும் என்று கருதுகிறேன்.

ஸ்ரீநகரின் குளிரைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி நாற்பது நாட்கள் 'சில்லை கலான்' என்னும் பெருங்குளிர் ஆட்சி செலுத்துகிறது. 2021 ஜனவரி 14ஆம் நாள் இந்நகரின் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 8.4 டிகிரி வரை இறங்கியது. டால் ஏரியே உறைந்துபோகும் ஊரில், அரை அங்குலக் குழாயில் நிற்கும் நீர் எம்மாத்திரம்?

நடந்தது இதுதான்

நாங்கள் மூவர் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர். அவரை நாங்கள் 'சாச்சா' என்றே அழைப்போம். சென்ற டிசம்பரில் அவரும் குடும்பத்தாரும் குளிருக்கு அஞ்சி ஜம்முவுக்குச் சென்றுவிட்டார்கள். என் நண்பர்கள் இருவரும் முன்னதாகவே ரயிலேறிவிட்டார்கள். கடைசியாகப் புறப்பட்டவன் நான். வாசலில் நின்றபோது நண்பன் தொலைபேசியில், "ஏண்டா, குழாயை எல்லாம் மூடினியா?" என்று கேட்டான். "ஒண்ணுவிடாம இறுக்கி மூடிட்டேன்" என்று பெருமையோடு சொன்னேன்.

ஜனவரி இறுதியில் அடுத்த வீட்டாரிடமிருந்து சாச்சாவுக்குச் செய்தி போயிற்று: படிக்கட்டின் வழியே தண்ணீர் வழிகிறது. நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது, சமையலறைக் குழாய் விரல் நீளத்திற்கு வாய் பிளந்து கிடந்தது. மாடியிலிருந்து ஒழுகிய நீர் கீழறையின் கூரையைப் பாழாக்கி, சாச்சாவின் கம்பளத்தையும் படுக்கைகளையும் நனைத்திருந்தது. பணம் கொடுத்துச் சரிசெய்யக்கூடியவை அவை, கொடுத்தோம். ஆனால் என் நண்பனின் கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. ஒரு பருவம் முழுதும் ஆப்பிள் தோட்டங்களில் அலைந்து அவன் எடுத்த அளவீடுகள், மையால் எழுதிய நான்கு குறிப்பேடுகள், அதனுள் இருந்தன. அவற்றுள் இரண்டில் எழுத்தே எஞ்சவில்லை. நீலக் கறைதான் இருந்தது. அவன் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சாச்சா குழாயைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மகனே, இந்த ஊரில் வீட்டைப் பூட்டும்போது வெளியிலிருந்து வரும் தண்ணீரை மூடவேண்டும், உள்ளேயிருக்கும் குழாயைத் திறக்கவேண்டும். நீ இரண்டையும் தலைகீழாகச் செய்துவிட்டாய்." விஞ்ஞானம் படிக்கும் எனக்கு அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ளப் பல நாட்கள் ஆயின.

பனிக்கட்டியா குற்றவாளி?

நீர் உறையும்போது விரிகிறது என்பது பள்ளிச் சிறுவனும் அறிந்த செய்தி. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். நீரும் 4 டிகிரி வரை சுருங்கத்தான் செய்கிறது. அதற்குக் கீழே அதன் போக்கு மாறுகிறது. உறையும்போது நீரின் மூலக்கூறுகள் அறுகோண வடிவில் அணிவகுத்து, நடுவே வெற்றிடம் விட்டு நிற்கின்றன. ஆதலின் 1,000 மில்லி லிட்டர் நீர் ஏறத்தாழ 1,090 மில்லி லிட்டர் பனிக்கட்டி ஆகிறது.

இந்த விரிவின் வலிமையை நேரில் கண்டவர் எட்வர்டு வில்லியம்ஸ் என்னும் பீரங்கிப் படை அதிகாரி. 1784-85ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கனடாவின் கியூபெக் நகரில், உள்ளே குடைவான இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, வாயை இரும்பு முளையால் அடித்து அடைத்து, வெட்டவெளியில் வைத்தார். நீர் உறைந்தபோது சில குண்டுகளின் முளை வெடியோசையுடன் பிடுங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான அடி தூரம் பறந்தது. முளை அசையாத குண்டோ உடலே பிளந்தது. பீரங்கிக் குண்டே பிளக்குமானால் நம் வீட்டுக் குழாய் எங்கே நிற்கும்?

ஆனால் இங்கே ஒரு புதிர் உண்டு. எங்கள் வீட்டில் உறைந்த இடம் வடக்குச் சுவரையொட்டிய பகுதி. அங்கே வெயிலே படுவதில்லை. குழாய் பிளந்ததோ அதற்கு அப்பால், சமையலறைத் தொட்டிக்கு அருகே. உறைந்த இடம் ஒன்று, உடைந்த இடம் மற்றொன்று! இது எப்படி?

நகராத நீர் சுழி டிகிரியை அடைந்தவுடனே உறைந்துவிடுவதில்லை. சில டிகிரி கீழே சென்றும் நீராகவே நிற்கும். பிறகு ஒரு கணத்தில் பனி ஊசிகள் கிளைவிட்டுக் குழாயின் உட்புறம் முழுதும் பரவும். அப்போது மொத்த நீரில் உறைந்திருப்பது சிறு பகுதியே. ஒரு கிராம் நீர் உறைய 80 கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். சுழியத்திற்குக் கீழ் 4 டிகிரியில் நின்ற நீர் உறையத் தொடங்கினால், உடனடியாக இருபதில் ஒரு பங்குதான் பனியாகும். எனினும் வலைபோல் பின்னிய அந்தப் பனி, நீரோட்டத்தை அடைத்துவிடப் போதுமானது. இப்போது குழாயில் ஒரு தக்கை உண்டாகிவிட்டது. குளிர் நீடிக்க நீடிக்கத் தக்கை வளர்கிறது; வளரும் தக்கை இருபுறமும் நீரைத் தள்ளுகிறது. தெருப்பக்கம் தள்ளப்பட்ட நீர் பெருங்குழாய்க்குள் பின்வாங்கிச் சென்றுவிடும். சமையலறைப் பக்கம் தள்ளப்பட்ட நீருக்குப் போக்கிடம் எது? அங்கேதான் நான் இறுக்கி மூடிய குழாய் இருக்கிறதே!

நீர் எளிதில் அமுங்குவதன்று. ஒரு லிட்டர் நீர் அடைபட்ட, நெகிழாத ஒரு குழாயில் மேலும் 5 மில்லி லிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, வலிந்து புகுத்தினால் அழுத்தம் ஏறத்தாழ நூறு வளிமண்டல அளவுக்கு உயரும். அந்தத் தேக்கரண்டி விரிவை உண்டாக்க அறுபது கிராம் பனிக்கும் குறைவாகவே போதும். வீட்டுக் குழாயில் வழக்கமாக இருப்பது சில வளிமண்டல அழுத்தமே. பனி இதோடு நிற்கவும் நிற்காது. சுழியத்திற்குக் கீழ் 5 டிகிரியில் உறைதலைத் தடுத்து நிறுத்த ஏறக்குறைய 600 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அதற்கு வெகு முன்னதாகவே குழாயில் எந்த இடம் நலிந்திருக்கிறதோ அந்த இடம் விட்டுக்கொடுத்துவிடும்.

ஆகவே குழாயைப் பிளந்தது பனிக்கட்டியன்று. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் இடையே சிறைப்பட்ட நீரே. அந்தக் குழாய் சற்றே திறந்திருந்தால் தேக்கரண்டி நீர் தொட்டியில் சொட்டியிருக்கும். கதை அத்தோடு முடிந்திருக்கும். சாச்சாவின் வாக்கு இதுதான். பிளந்த குழாய் உடனே ஒழுகாததற்கும் காரணம் இதுவே: பனித்தக்கையே அடைப்பாக நின்றது. வெயில் வந்து தக்கை உருகிய பிறகுதான் தெருத்தண்ணீர் முழுதும் வீட்டுக்குள் புகுந்தது. உறைந்தபோது ஓசையில்லை; உருகியபோதுதான் வெள்ளம்.

வண்டி வீட்டின் பாடம்

இதன்பின் இத்துறையில் நான் தேடித் தேடிப் படித்தேன். அப்போது ஓர் எதிர்பாராத இடத்தில் நல்ல பாடம் கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மக்கள் விடுமுறைப் பயணத்திற்கென்று சமையலறை, குளியலறை, படுக்கை எல்லாம் அமைந்த வண்டி வீடுகளை வைத்திருக்கிறார்கள். கோடையில் ஊர் சுற்றிய பின் குளிர்காலம் முழுதும் அவை கொட்டும் பனியில் ஆளில்லாமல் நிற்கும். ஆதலின் இலையுதிர் காலத்திலேயே அவற்றின் நீர்ப்பாதையைக் காலி செய்வது அவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் சடங்காகிவிட்டது. தொட்டியை வடிப்பார்கள், வெந்நீர்க் கலத்தை வடிப்பார்கள், குழாய்களையெல்லாம் திறந்துவிடுவார்கள். பின்னர் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஊதி எஞ்சிய நீரை வெளியேற்றுவார்கள். அல்லது புரொப்பிலீன் கிளைகால் கலந்த, எளிதில் உறையாத இளஞ்சிவப்பு நீர்மத்தைக் குழாய்களில் செலுத்துவார்கள். வெந்நீர்க் கலம் அந்த நீர்மத்தையெல்லாம் வீணே குடித்துவிடாதபடி அதை விலக்கிச் செல்லும் மாற்றுப்பாதை ஒன்றும் வைத்திருப்பார்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் சிலர் வசந்தத்தில் வண்டியைத் திறந்தால் தரையெல்லாம் நீர்! எங்கிருந்து? குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலிருந்து. அப்பெட்டிகள் சிலவற்றில் தானே பனிக்கட்டி செய்யும் பொறி ஒன்று உண்டு. அதற்கு நீர் கொண்டுபோகும் குழாய் கால் அங்குலக் கனமே. அதன் வாயில் மின்சாரத்தால் திறக்கும் ஒரு வால்வு இருக்கிறது. பொறி தண்ணீர் கேட்கும்போது மட்டுமே அது சில விநாடி திறக்கும். மற்ற வேளையெல்லாம் மூடியே இருக்கும். வண்டியிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்தாலும் அந்த வால்வு திறக்காது. அதன் பின்னும் முன்னும் உள்ள நீர் வடியாது. எனவே அறிந்தவர்கள் முதலில் பொறியின் கம்பிக்கையை உயர்த்தி அதன் வேலையை நிறுத்துகிறார்கள். அதற்குரிய நீரை அடைக்கிறார்கள். பெட்டியின் பின்னே குழாயைக் கழற்றி இருபுறமும் வடித்து, வால்வினுள் தங்கிய நீரையும் போக்குகிறார்கள். இளஞ்சிவப்பு நீர்மத்தை அதன் வழியே செலுத்தியவர்கள், வசந்தத்தில் முதலில் விழும் சில தட்டுப் பனிக்கட்டிகளை உண்ணாமல் கொட்டிவிடுகிறார்கள்.

பனிக்கட்டி செய்யும் பொறிக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு இருக்கிறது. நாம் குடியிருக்கும் வீடுகளிலுள்ள சலவை இயந்திரத்தின் வாயிலும் அதே வகை வால்வுதான், ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவியிலும் பெரும்பாலும் அதே வகைதான். மூடிய வால்வு ஒவ்வொன்றின் பின்னாலும் நீர் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிச் சென்று வடிப்பதே இக்கலையின் முழு இரகசியம்.

புறப்படும் முன்

இனி, வீட்டைப் பூட்டுமுன் செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் பயன் கெடும்.

1. கீசரின் மின்சாரத்தை முதலில் நிறுத்துக. நீரில்லாத கலத்தில் மின்சாரம் ஓடினால் சூடேற்றும் கம்பி எரிந்துபோகும். நீர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

2. தெருவிலிருந்து வரும் நீரை மூல வால்வில் அடைத்துவிடுக. பல வீடுகளில் அது வாசலுக்கருகே ஒரு குழியில் இருக்கும். மாடியில் நீர்த்தொட்டி இருந்தால் அதையும் முழுதும் வடித்துவிட வேண்டும்.

3. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்து, திறந்தபடியே விடுக. மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒருங்கே திறந்திருக்க வேண்டும். உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் அடைத்தால் கீழ்முனையில் நீர் இறங்காதல்லவா? மேலே காற்றுப் புகுந்தால்தான் கீழே நீர் இறங்கும். வெந்நீர்க் குழாயை மறந்துவிடக் கூடாது. கைத்தூவியின் நெகிழ்குழாயைக் கீழே தொங்கவிடுக.

4. கீசர் தானாக வடியாது. அதனுள் வரும் நீர் திரும்பிப் போகாதபடி தடுக்கும் ஒருவழி வால்வு அதில் உண்டு. அந்த வால்வின் சிறு நெம்பை உயர்த்தியோ, உள்வரும் குழாயைக் கழற்றியோ வடிக்க வேண்டும். கீழே வாளி வைத்துக்கொள்வது நலம், நான் வைக்கவில்லை.

5. சலவை இயந்திரத்தின் நீர்க்குழாயைக் கழற்றி வடித்து, அடியிலுள்ள வடிகட்டியைத் திறந்து தங்கிய நீரைப் போக்குக. சுத்திகரிப்புக் கருவியின் நீரை வடித்து, வடிகட்டிகளைக் கழற்றி, உறையாத இடத்தில் வைக்க வேண்டும். உறைந்த சவ்வு பிறகு உழைக்காது.

6. கைப்பிடியைக் கால் சுற்றுச் சுற்றினால் மூடும் வால்வுகளுக்குள் துளையிட்ட ஓர் உருண்டை இருக்கிறது. முழுதும் மூடினால் அந்தத் துளையில் சிறிது நீர் சிறைப்படும். வடித்த பின் அத்தகைய உள்வால்வுகளைப் பாதி திறந்த நிலையில் விடுக. மூல வால்வுக்கு இது பொருந்தாது. அது மூடியே இருக்க வேண்டும்.

7. கழிப்பிடத்தின் தண்ணீர்ப் பெட்டியை இழுத்துவிட்டுக் காலி செய்க. நாற்றத்தைத் தடுக்க வளைவில் நிற்கும் நீர் மட்டும் வடியாது. ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் உப்புக் கரைத்த கரைசல், சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 12 டிகிரி வரை உறையாது. வளைவிலுள்ள நீரை இயன்ற மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு அந்தக் கரைசலை ஊற்றலாம். பீங்கானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உப்பால் கேடில்லை. உலோகக் குழாயில் ஊற்றினால் அரிக்கும். மோட்டார் வண்டிக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் நீர்மத்தை வீட்டில் எங்கும் பயன்படுத்தலாகாது. அது கொடிய நஞ்சு.

8. கடைசியாக ஒன்று. குறிப்பேடுகளைத் தரையில் வைக்காதீர்கள்.

ஊருக்குப் போகாதவர்களுக்கு

இங்கேயே தங்குவோர் குழாயைக் காலி செய்து வைக்க முடியாது. அவர்கள் இரவில் கடைக்கோடிக் குழாயை மெல்லிய நூல்போல ஒழுகவிடலாம். ஓடும் நீர் நிலத்தடியிலிருந்து சிறிது வெப்பத்தைக் கொண்டுவருகிறது. பனித்தக்கை உண்டானாலும் அழுத்தம் வெளியேற வழி இருக்கிறது. சாக்கும் வைக்கோலும் சுற்றுவது நல்லதே. ஆனால் அவை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ள வெப்பம் ஓடிப்போவதைத் தாமதப்படுத்துகின்றன. ஓரிரவுக் குளிருக்கு அவை காவல். ஆளில்லாத வீட்டில் ஒரு மாதக் குளிருக்கு அல்ல.

குழாய் உறைந்துவிட்டால் சிலர் தாளைக் கொளுத்திக் காட்டுகிறார்கள். இது தீப்பிடிக்கவும், பிளாஸ்டிக் குழாய் உருகவும், அடைபட்ட நீர் ஆவியாகி வெடிக்கவும் வழி செய்யும். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியைத் திறந்த வாயின் பக்கத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி ஒற்றி வருவதே முறை. உருகும் நீருக்கு முன்னே வழி இருக்க வேண்டும் என்பதே காரணம்.

திரும்பி வந்ததும்

அவசரப்பட்டு மூல வால்வைத் திறந்துவிடாதீர்கள். முதலில் எல்லாக் குழாய்களையும் மூடி, கழற்றியவற்றைப் பூட்டி, பாதி திறந்த உள்வால்வுகளைச் சரிசெய்யுங்கள். பின் மூல வால்வைச் சிறிதளவே திறந்து, ஒருவர் வால்வருகே நிற்க, மற்றொருவர் அறை அறையாகச் சென்று சுவரைப் பார்க்க வேண்டும். கசிவு இல்லையென்று கண்ட பிறகே முழுதும் திறக்கலாம். வெந்நீர்க் குழாயில் காற்று நீங்கி நீர் சீராக வந்த பின்னரே கீசருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இவையனைத்தும் செய்ய எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாச்சா முன்னிலையில் ஒருமுறை ஒத்திகை பார்த்தோம். அவர் நாற்காலி போட்டு அமர்ந்து, தேநீர் அருந்தியபடியே, நான் விட்டுவிட்ட இரண்டு குழாய்களைச் சுட்டிக்காட்டினார். ஒத்திகை முடிந்ததும் மூல வால்வுக் குழியின் சாவியை என் கையிலேயே கொடுத்தார்.

என் நண்பன் இந்தக் கோடையில் மீண்டும் அதே தோட்டங்களுக்குச் சென்று அழிந்த அளவீடுகளை எடுத்தான். விடுமுறை நாட்களில் நானும் உடன் சென்று அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தேன். இவ்வாண்டும் அவன் எனக்கு முன்னரே ரயிலேறுகிறான்; வீட்டைப் பூட்டும் பொறுப்பு மறுபடியும் எனக்கே. புறப்படும் நாளில் அவன் தொலைபேசியில் கேட்பான் என்று எதிர்பார்க்கிறேன். "எல்லாத்தையும் திறந்துட்டியாடா?" என்று கேட்டால், "ஒண்ணுவிடாம திறந்துட்டேன்" என்று சொல்வேன்.